இத்தாலி ஆட்டம்

விராலிமலையில், கரிப்புகையில் ஓடும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் பின்னால் போய்க் கரியடுப்பைக் கிண்டுகிறார். திருச்சியில் ரயிலைப் பிடிக்கவேண்டிய எனக்கு எரிச்சல். கண்டக்டரோ என் இங்கிலீஷ் பேப்பரையே பார்க்கிறார். முடிந்துபோன உலகப் போரின்போது பெங்களூரில் இத்தாலியக் கைதிகளுக்குக் காவல் நின்றவராம்.

"ஃபுட்பால் போட்டிருக்காங்களா?"

இங்கிலாந்து லீக் முடிவுகளை வாசிக்கிறேன்.

"இதைவிட இத்தாலி லீக்தான் ஒசத்தின்னு கைதி ஒருத்தன் எங்க வெள்ளக்கார சார்ஜண்டோட தெனமும் மல்லுக்கு நிப்பான். அவன் கோல்கீப்பருங்க. ஊருக்குப் போனதும் மறுபடி ஆடுவேன்னான். இத்தாலி ஆட்டம் இருக்கான்னு பாருங்க."

பக்கம் முழுக்கத் தேடுகிறேன். "இல்லையே."

இந்தப் பேப்பரில் அது வராது என்று சொல்ல வாயெடுக்கிறேன். பஸ் உறுமுகிறது. விசிலை எடுத்தவர், ஊதாமல் நிற்கிறார்.

"அப்ப அவன் இன்னும் ஊரு போய்ச் சேரலைங்க."