நாலு விளக்கும் எரிந்த பேட்டரி

ஒவ்வொரு பேட்டரியாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறாள் கதவக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான் இருக்கும், அவள் முகத்தைப் பார்க்காதவரை. சார்ஜரிலிருந்து கழற்றி அரை மணி ஆகியும் சூடு ஆறாத பேட்டரியின் முதுகில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பாள். ஒரு கோடு என்றால் சந்தேகம். இரண்டு கோடு என்றால் கனத்த வேலைக்கு ஆகாது. மூன்றாவது கோடு போடும்போது அவள் வாயிலிருந்து வருவதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பஸ் ஓட்டப் புறப்படும் கணவர் ஷூவை மாட்டிக்கொண்டே, “இன்னைக்கு யாருக்கு அர்ச்சனை?” என்று கேட்பார்.

கதவு மாட்டுவது, பூட்டு மாற்றுவது, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களுக்குத் திறந்து கொடுப்பது. இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் தொழில்; அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான். முதல் பதிமூன்று வருடங்கள் பிளக்கில் செருகித் துளை போடும் ஒயர் மெஷினோடு மல்லுக்கட்டினாள். புதுக் கட்டடங்களில் கரண்ட் வந்திருக்காது. குடியிருக்கும் வீடுகளில் பிளக் எங்கே என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஃபிரிட்ஜைப் பிடுங்குவதா, டிவியைப் பிடுங்குவதா என்று குடும்பமே கூடி ஆலோசிக்கும். பேட்டரி மெஷின் கைக்கு வந்த அன்று ஒரே நாளில் பதினோரு பூட்டு மாட்டினாள். “ஒருத்தர்கிட்டயும் பிளக் கேக்கல. வீட்டுக்கு வந்து உக்காந்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்பாள்.

அந்த மெஷின் இன்னும் இருக்கிறது. மூன்றாவது மாடியிலிருந்து ஜல்லிக் குவியலில் விழுந்து எழுந்தது. மழையில் ஒரு ராத்திரி கிடந்தது. கைப்பிடி ரப்பர் அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்து குழிந்துவிட்டது. தேக்குச் சட்டத்தில் வைத்து அழுத்தினால் முனகாமல் இறங்கும். ஆகவே பேட்டரி மெஷினே உதவாது என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலும் பாய்வாள்.

“மெஷினை ஏன் திட்றீங்க? அது இருபது வருஷம் உழைக்கும். அதுக்கு நாலு வருஷத்துல செத்துப் போற பேட்டரியை மாட்டி விட்டிருக்கான் பாருங்க, அவனைத் திட்டுங்க. யானைக்கு எலிக்கால் வெச்ச மாதிரி.”

செத்துப் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொய் சொல்வதைத்தான் பொறுக்க மாட்டாள். பொத்தானை அமுக்கினால் பேட்டரியில் நாலு விளக்கும் பளிச்சென்று எரியும். உள்ளே வரிசையாகக் கோத்திருக்கும் செல்களில் ஒன்று நலிந்திருந்தாலும் சும்மா இருக்கையில் வெளியே தெரியாது. கனத்த வேலை வந்ததும் அந்த ஒன்று மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு படுத்துவிடும்.

போன மாதம் அப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டில் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது, பூட்டும் இறுகிவிட்டது. மகள் போனில் அழுதாள். பத்தே நிமிடத்தில் கதவக்கா அங்கே இருந்தாள். பூட்டின் நடுவில் மெஷினின் துளைமுனையை வைத்துத் துளைக்கத் தொடங்கினாள். பாதி இறங்கியதும் மெஷின் நின்றது. பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். நாலு விளக்கும் எரிந்தன. அடுத்த பேட்டரியை மாட்டினாள். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

“என் தோளுக்குப் பக்கத்துலயே பிளக் இருந்துச்சுங்க. சுவத்துல கரண்ட் இருக்கு, கையில மெஷின் இருக்கு, ரெண்டையும் சேக்க வழியில்ல.”

உளியும் சுத்தியலும் எடுத்தாள். கெட்டியான பலகை. பிளந்து கை நுழைக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. உள்ளே ஈரத்தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பெரியவர், ஒவ்வொரு அடி விழும்போதும், “பரவாயில்லம்மா, மெதுவாவே பண்ணுங்க, கையில பட்டுக்காதீங்க” என்று பல் கிட்டிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். “அவரு நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்” என்றாள் கணவரிடம். மறுநாள் காலை கேலி பேசாமல் அவரே மெஷினைப் பையில் வைத்துக் கொடுத்தார்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, டோக்கன் சீட்டு. கவுன்டரில் இருந்தவர் மெஷினைத் தொடாமலே சொன்னார்: “இது பழைய மாடல் மேடம். இதுக்கு இப்ப பேட்டரி வர்றதில்ல. புது மெஷின் எடுத்துக்கங்க.”

“இந்த மெஷினுக்கு என்ன குறை?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கறதை எதுக்குத் தூக்கிப் போடணும்?”

“புது பேட்டரி இதுல சேராது மேடம். டெக்னாலஜி மாறிடுச்சு.”

“மாறினதைக் கொஞ்சம் காட்டுங்க.”

அவர் அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த புதுப் பேட்டரியை அலுப்போடு எடுத்து நீட்டினார். கதவக்கா அதையும் தன் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே வோல்ட் எழுதியிருந்தது. கரண்ட் பாயும் செம்பு நாக்குகள் அதே இடத்தில், அதே அகலத்தில். மெஷினின் அடியில் புதியதைச் செருகினாள். முக்கால்வாசி போய் முட்டி நின்றது. வெளியே இழுத்தாள். மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, செருகும் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினாள். நகம் ஒரு பிளாஸ்டிக் மேட்டில் இடறியது. அரிசி அளவுகூட இல்லாத மேடு. புதுப் பேட்டரியில் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பூட்டுக்குள் இப்படிப்பட்ட பற்களை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள். வேறு சாவி நுழையக் கூடாது என்பதற்காகவே வைக்கிற பல்.

இடுப்புப் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தாள்.

“மேடம், கம்பெனி பொருளை வெட்டக் கூடாது. வாரண்டி போயிடும்.”

“ஒம்பது வருஷம் ஆன மெஷின் தம்பி இது. என் மெஷின். உங்க பேட்டரியை நான் தொடல.”

நான்கு இழுப்பில் மேடு போயிற்று. பேட்டரியைச் செருகினாள். டக்கென்று உட்கார்ந்தது. விசையை அழுத்தினாள். குளிர்ந்த அந்தக் கூடம் முழுக்க மெஷினின் சத்தம் நிறைந்தது. நாற்காலிகளில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். விசையை விடவே இல்லை அவள். கவுன்டர்க்காரர் ஏதோ சொல்வது உதட்டசைவில் மட்டும் தெரிந்தது. பிறகுதான் விரலை எடுத்தாள்.

“இதுதானா உங்க டெக்னாலஜி?” குரல் உயரவில்லை. “இந்தத் துளி பிளாஸ்டிக்குக்காக ஒரு வருஷமா கோடு போட்ட பேட்டரியை வெச்சு ஓட்டினேன். பேட்டரியே வராதுன்னு போன தடவையும் இதே கவுன்டர்லதான் சொன்னீங்க. ஒரு மனுஷன் இருபத்தஞ்சு நிமிஷம் ஈரத்துல கிடந்தாரு. என்னைப் பாத்து கையில பட்டுக்காதேன்னாரு. அந்த மேட்டை வெச்சவன்கிட்ட இதைச் சொல்லணும். அவன் பேரைக் குடுங்க.”

“நான் வெறும் கவுன்டர்தான் மேடம்.”

“தெரியும். அதான் உங்களைத் திட்டல.”

அவர் தலைகுனிந்து, யாரும் கேட்காமலே புதுப் பேட்டரிக்கு ரசீது போட ஆரம்பித்தார். கதவக்காவுக்குப் பின்னால், கையில் டோக்கனோடு நின்றிருந்த குழாய் வேலைக்காரர் ஒருவர் தன் பையின் ஜிப்பைத் திறந்தார். அதே பழைய மாடல் மெஷின். அதை எடுத்துக் கவுன்டர்க்காரரிடம் நீட்டவில்லை. டோக்கனைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷினை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

கதவக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மடக்கப் போன கத்தியை மறுபடி விரித்து, அலகில் ஒட்டியிருந்த தூளை வாயால் ஊதிவிட்டு, அந்த மெஷினைத் தலைகீழாகத் திருப்பினாள்.