தாடைக்கு வெட்டிய ஈயம்

வெற்றிலையை இடது கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டுதான் சேதுபதி தகடு வெட்டும் கத்தரியைக் கையில் எடுப்பார். வெட்டுவதெல்லாம் பெரும்பாலும் வெற்றிலை போட்டுத் தாடையில் புற்று வந்தவர்களுக்காக. கேட்டால், "அவங்க பொகையில சேத்துப் போட்டாங்க. நமக்கு வெறும் வெத்தல பாக்குதான்லா" என்பார். மருத்துவமனையில் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஊருக்குள் காஜா பேராங் பகுதியில் வீடு. எக்ஸ்ரே அறையை ஒட்டிய கொட்டகையில் வேலை. டாக்டர் படத்தைப் பார்த்து, நோய் பரவிய இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வளைத்துக் கொடுப்பார். அதே வடிவத்தில் ஈயத் தகட்டில் ஓட்டை போடுவது சேதுபதி. தகட்டைக் கன்னத்தில் வைத்துக் கட்டினால், கதிர் அந்த ஓட்டை வழியாக நோயின் மேல் மட்டும் விழும். ஒருவர் தகடு இன்னொருவருக்கு ஆகாது. இப்படி ஆளுக்கு ஆள் அளவு பார்க்கிறவர் போட்டிருப்பதோ மைத்துனர் கழித்துப் போட்ட, இரண்டு பேர் நுழையக்கூடிய சட்டை.

மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் வந்ததில் அவருக்கு ஒரே குறை, புதுக் கொடிக்கு நட்ட கம்பம் கொட்டகை வாசலை மறைக்கிறது. "மெர்டேக்கா நமக்குந்தான். உள்ள வர்றதுதான் சுசா, கஷ்டம்."

மறுபடி படம் எடுத்தால் புதுத் தகடு. அப்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நோயாளிக்குக் காட்டுவார். யாரும் சொல்லிச் செய்வதல்ல. "டாக்டர் பேசற இங்கிலீசு யாருக்கு வெளங்குது? ஓட்ட சின்னதானா சீக்கும் சின்னது." புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் அஞ்சலைக்கு இரண்டு தகடு ஆயிற்று. இரண்டாவது ஓட்டை சிறுத்திருந்தது. தோட்டம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மூன்றாவது படம் வந்தது. சிவப்புக் கோடு முன்னைவிட அகலமாக வளைந்திருந்தது. சேதுபதி அப்படியே வெட்டினார். பிறகு அவளுடைய பழைய தகடுகளை எடுத்து ஈயம் உருக்கும் சட்டியில் போட்டார்.

"பழசு எங்க தம்பி?" என்றாள் அஞ்சலை, வந்ததும் வராததுமாக.

"ஈயம் பத்தல அக்கா. உருக்கிட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையுந்தான்."

புதுத் தகட்டை வாங்கி ஓட்டையில் கட்டைவிரலை விட்டாள். போன தடவை நகத்தோடு நின்றுவிட்ட விரல், இப்போது அடிவரை போயும் சுற்றிலும் இடம் இருந்தது. கொஞ்ச நேரம் விரலை எடுக்கவேயில்லை.

"ஓரம் கீறுது தம்பி. தேச்சுக் குடு."

உள்ளோரத்தைத் தேய்த்தால் ஓட்டை இன்னும் பெரிதாகும். சேதுபதி அரத்தை எடுத்து, கீறாத வெளியோரத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.