ஓவியம் பார்க்கப் போன வேன்

இந்த ஊரில் ஒரு பயணத்தைத் தனியாகத் திட்டமிட முடியாது. கோலாலம்பூருக்கு ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்று எங்கள் ஊரான கோல சிலாங்கூரின் மளிகைக் கடையில் காலையில் வாய்தவறிச் சொன்னேன். மாலைக்குள் ஒரு வேனும் அதில் பதினோரு பேரும் புளிச்சோறு கட்ட ஆளும் தயார். கும்பகோணத்தில் இருந்தவரை, எங்கே போனாலும் யார் கண்ணிலும் படாமல் போய்வரத்தான் பாடுபட்டிருக்கிறேன். இங்கே சொல்லாமல் போனால் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த காலத்தில் எல்லோரும் ஒரே லோரியில் ஏறிப் போய்ப் பழகியவர்கள் என்று என் கணவர் சரவணன் விளக்கம் சொன்னார். விளக்கத்தை யார் கேட்டது? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

என் நோட்டில் திட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? இந்நாட்டின் பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்புகள் ஒரே சமயத்தில் இரண்டு காட்சியகங்களில் இருந்தன. சனிக்கிழமை ஒன்று, தங்கல், ஞாயிறு மற்றொன்று. இரண்டாவதற்கு அந்த ஞாயிறே கடைசி நாள், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நான் பார்த்தே ஆகவேண்டிய ஓவியம் அங்கேதான் இருந்தது: ரப்பர் மரம் சீவும் பெண். ஓவியக் கல்லூரியில் படித்தபோது நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அதைக் கண்டு, பார்த்துப் பார்த்துப் பெரிதாக வரைந்தேன். மலேசியா மாப்பிள்ளை என்று வரன் வந்தபோது வீடே யோசித்தது. நான் அந்தப் படத்து விடியல் வெளிச்சத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன். பெட்டியில் இடம் போதாமல் ஒரு பட்டுப்புடவையை வெளியே எடுத்துவிட்டு, வரைந்ததைச் சுருட்டி வைத்தேன்.

வந்த முதல் வாரமே அடுத்த வீட்டுப் பொன்னம்மா அக்கா அதைக் கூடத்துச் சுவரில் பார்த்தார். இப்போது தஞ்சோங் காராங் சாலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். அதற்கு முன் பல வருடம் தோட்டத்தில் சீவுகத்தி பிடித்தவர். இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏம்மா, இத வரஞ்ச ஆளு மரமே பாத்ததில்லயா? வெட்டு எடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் எறங்கணும். இவன் மாத்திப் போட்டிருக்கான். பாலு கொறஞ்சு போயிரும்லா.”

பெரிய கலைஞர் அப்படித் தப்புச் செய்யமாட்டார் என்று வாதாடினேன். அக்கா சிரித்தார். பன்னிரண்டு வருடமாக, என் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைச் சுவரருகே கூட்டிப்போய் அதையே சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். அந்த ஓவியர் தெரியாமல் வரைந்தவர் என்றால், நான் எதை நம்பி இந்த நாட்டுக்கு வந்தேன்? அசலைப் பார்க்க வேண்டும். அப்போது அக்காவும் பக்கத்தில் நிற்க வேண்டும். வேனை நான் கடைசிவரை மறுக்காததற்கு அதுதான் காரணம்.

வேன் என் நோட்டைத் தின்றுவிட்டது. சனிக்கிழமை பத்துமலைக் கோயிலுக்கும் துணிக்கடைகளுக்கும் போக, முதல் காட்சியகத்துக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம். ஞாயிறு மூன்று மணிக்கு, நேற்று விட்டுப்போன புடவைக்கடைக்கு மறுபடி போகலாம் என்று பேச்சு கிளம்பியது. நான் வேன் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். வண்டி நேராகக் காட்சியகத்துக்குப் போகும், இல்லையென்றால் நான் நடந்தே போகிறேன் என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொன்னம்மா அக்காதான் முதலில் அசைந்தார்.

“ஏறுங்க எல்லாரும். இந்தப் பஞ்சாயத்த இன்னிக்கி முடிச்சிப்புடுவோம்.”

காட்சியக வாசலில் எங்கள் ஆட்கள் வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம், செருப்போடு உள்ளே வாருங்கள் என்று காவலர் ஆங்கிலத்தில் கெஞ்சினார். இங்கே விட்டால் காணாமல் போய்விடும் என்கிறார் போல என்று நினைத்து, ஆளுக்கொரு ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டார்கள். யாருக்கும் விளங்கவைக்க எனக்கு நேரமில்லை. மணி நாலரை.

மூன்றாவது அறையில் அவள் இருந்தாள். எல்லாம் பக்கம் மாறியிருந்தது. என் சுவரில் வலப்பக்கம் நிற்பவள் இங்கே இடப்பக்கம் நின்றாள். கத்தி வலது கையில் இருந்தது. வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் அழகாக இறங்கி, கோப்பையில் முடிந்தது. படத்தின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. அதனால்தான் புத்தகம் அச்சிட்டவர்கள் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டதை அவர்களும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஓவியர் வரைந்தது சரி. அக்கா சொன்னதும் சரி.

அக்கா ஓவியத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி, விரலால் காற்றில் அந்த வெட்டை இழுத்துப் பார்த்தார். காவலர் ஓடிவந்தார். தொடவில்லை, சரிபார்க்கிறேன் என்று அக்கா மலாயில் அதட்டியதும், ஏதோ அதிகாரி போலிருக்கிறது என்று அவர் இரண்டடி பின்வாங்கினார். அக்கா என் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு வருடம் ‘இவன்’ என்றவர்.

“இவரு தெரிஞ்சவருதாம்மா. மரப்பட்டகூட அளவாத்தான் சீவி எடுத்திருக்காரு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன். தான் வரைந்தது தப்பு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செருப்பும் கையுமாக எல்லோரும் சூழ்ந்துகொள்ள, அக்கா மரம் சீவுவதை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். படம் பார்க்க வந்த சீனத் தம்பதியும் நின்று கேட்டார்கள். காவலரும் கேட்டார். மூடும் நேரம் என்று மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை.

வெளியேறும் வழியில் வருகையாளர் புத்தகம் இருந்தது. பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம். எந்தத் தாளிலும் எழுதுவதுபோல் கும்பகோணம் என்று எழுதிவிட்டேன். பேனாவை வைக்க மனம் வரவில்லை. பக்கத்திலேயே கோல சிலாங்கூர் என்று எழுதப் போக, ‘கோல’ என்றதுமே கட்டம் முடிந்துபோனது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, அடுத்த வரியில் விரலை வைத்தார்.

“எழுதும்மா. எடம் பத்தலன்னா என் கட்டத்துலயும் எழுதிக்க.”

மிச்ச ஊரை அவர் கட்டத்தில் எழுதினேன்.