மன்னான் பாயின் டை

லண்டன் குரோய்டனில் எங்கள் ஓட்டலுக்கு மன்னான் பாய்தான் வெயிட்டர். நான் தந்தூரி அடுப்பில் நிற்பவன். சனிக்கிழமை கால்பந்து முடிந்ததும் டெர்ரி என்ற வெள்ளைக்காரனின் கும்பல் பியர் நாற்றத்தோடு வந்து உட்காரும். "டேய் அப்துல்!" என்று டையைப் பிடித்து இழுப்பான் டெர்ரி. எங்கள் ஊர்க்காரன் எவனானாலும் அவனுக்கு அப்துல்தான். மன்னான் பாய் சிரித்துக்கொண்டே அப்பளம் வைப்பார். அவர் அடுப்புப் பக்கம் வந்ததும் நான் சொல்வேன்:

"திருப்பி ஒண்ணு விடுங்க பாய்!"

"போலீஸ் கேஸ் ஆனா ஊருக்கு அனுப்பிடுவான்டா. உன் வேலையைப் பாரு."

வங்கதேசத்தில், எங்கள் சில்ஹட்டில் இருந்த மனைவி ருஷ்னாவிடம், தான் மேனேஜர் என்று அளந்து வைத்திருந்தார். லண்டனுக்கு வந்தவன் எவன் ஊரில் உண்மை பேசினான்? அவளும் வந்து சேர்ந்தாள். ஓட்டல் மாடியில்தான் எங்கள் எல்லோருக்கும் ஜாகை. வியாபார நேரத்தில் கீழே இறங்கக் கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு.

அவள் வந்த முதல் சனிக்கிழமையே வினை வந்தது. கறியில் காரம் போதவில்லையாம். டெர்ரி டையைக் கையில் சுற்றி, மன்னான் பாயின் முகத்தைத் தட்டில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தமும் குழம்பும் சேர்ந்து வழிந்தன. அவர் அலறிய அலறலில் ருஷ்னா படியிறங்கி வந்துவிட்டாள்.

தன் மேனேஜர் புருஷனைப் பார்த்தாள். நேரே என் அடுப்புக்கு வந்து, கோழி கோத்த கம்பியை முந்தானையால் பிடித்து உருவிக்கொண்டு ஓடினாள். கோழித்துண்டுகள் சிதற டெர்ரியின் முதுகில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"என் புருஷன் மேலயா கை வைக்கிற, நாசமாப் போறவனே!"

எங்கள் பாஷைதான்; டெர்ரிக்கு நன்றாகவே புரிந்தது.

கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "இதுதான் மேனேஜர் உத்தியோகமா?"

கால்பந்துக் கூட்டத்துக்காகத் தெருமுனையில் நின்ற போலீஸ்காரர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் மன்னான் பாய் குனிந்து, சூடு ஆறாத அந்தக் கம்பியை வெறுங்கையால் எடுத்தார். தோல் பொசுங்கியது.

"நான்தான் சார் அடிச்சேன்."

டெர்ரி ருஷ்னாவைப் பார்த்தான். கூட்டாளிகளைப் பார்த்தான். பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று சொல்வானா அந்தப் பயல்?

"ஆமா, இவன்தான்," என்று முனகினான்.

மன்னான் பாய்க்கு விலங்கு மாட்டியபோது ருஷ்னா அருகே போய், ரத்தம் தோய்ந்த டையை நேராக்கினாள்.

"ஊருக்கு அனுப்பினா அனுப்பட்டும். சேர்ந்தே போவோம்."

அவர் நிமிர்ந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.