பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டது

"டீச்சர், செருப்பை விட்டுட்டுப் போறீங்க!"

கோச்சடையில் எங்கள் தெருமுனைத் தையல்கடைக்காரர் கூப்பிட்டபோது, நான் ஒற்றைச் செருப்போடு இருபது அடி நடந்துவிட்டிருந்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது எனக்குத் தெரியவே இல்லை. மே மாத வெயில், தார் ரோடு. சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடினேன்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி நடந்தால் தயவுசெய்து சிரித்துவிட்டு ஓடாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. செருப்பு கழன்ற மறுநாள், பால் பாக்கெட்டின் முனையை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. என் கணவர் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர். எதையும் சரிபார்த்துத்தான் நம்புவார். "எந்திரிச்சு நில்லு, பாப்போம்" என்றார். நின்றேன். முழங்கால் மடங்கி விழுந்தேன். அன்று மாலை ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

நோயின் பெயர் கில்லன்-பாரே (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு மண்டலமே நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்). நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது) செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். பலவீனம் பாதத்தில் தொடங்கி, இடுப்பு, கை என்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கணக்கு டீச்சர்தானே, ஒரே மூச்சுல எண்ணுங்க" என்பார் டாக்டரம்மா. மூச்சுக்கான தசைகள் எவ்வளவு தாங்குகின்றன என்று அறிய அது எளிய வழி. முதல் நாள் இருபத்தெட்டு வரை போனேன். மூன்றாம் நாள் பதிமூன்று. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை எண்ண வைத்தவள், பதினான்கைச் சொல்ல முடியாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். இன்னும் குறைந்தால் செயற்கைச் சுவாசக் கருவி என்று கணவரிடம் சொல்லியிருந்தார்கள். பதினொன்றில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் பதினொன்று இப்போது ஸ்தோத்திரத்துக்குரிய எண்.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (பலர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்). அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் என் வேலை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் நான். வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாகப் போய் ஜெபம். சமையல் கிடக்கிறது, துணி கிடக்கிறது என்று வராமலிருக்கும் பெண்களைச் சும்மா விட மாட்டேன். "சிங்க்ல கிடக்குற பாத்திரம் எங்கயும் ஓடிப் போகாது, நீங்க ஊழியத்துக்கு வாங்க" என்பேன். ஊழியம் என்றால் எனக்கு வேதம், பாட்டு, ஜெபம். என் வீட்டு சிங்க்கில் கிடந்த பாத்திரங்களை யார் கழுவினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எங்கள் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்து ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தச் சகோதரியை உமது ஊழியத்துக்கேற்ற பாத்திரமாக மறுபடியும் எடுத்துப் பயன்படுத்தும்." எத்தனையோ கூட்டங்களில் நானே உரத்துச் சொன்ன ஜெபம்தான். எங்கள் வழக்கில் பாத்திரம் என்றால் ஏனம் மட்டுமல்ல, தகுதியும்கூட. கை கால் அசையாமல் கிடந்தவளுக்கு அன்று அந்தச் சொல் பயத்தைக் கொடுத்தது. இனி என்னால் என்ன பயன்? கட்டிலில் கிடக்கிற ஒருத்தியை ஆண்டவர் எதற்கு எடுப்பார்?

ஐயர் போனபின் ஆயாம்மா ஒருவர் வந்து எனக்கு உடம்பு துடைத்தார். கால்விரல்களின் இடுக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் உணர மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு விரலையும் விடவில்லை. அப்போது அழுதேன். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரம் கழித்து, நாலுகால் வாக்கரோடு வீடு வந்தேன். "கீழேயிருந்து ஏறுனது மேலேயிருந்துதான் இறங்கும். விரலும் பாதமும் கடைசி. அவசரப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. ஜெபம் பண்ணவும் பேசவும் வாய் இருந்தது. ஆனால் வேதத்தின் தாளைப் புரட்டவோ, பேனாவைப் பிடிக்கவோ விரல் இல்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பான பெண். முதலில் ரப்பர் பந்து, பிறகு பிசைந்த மாவு. ஒரு நாள் கேட்டார்.

"பாத்திரம் கழுவுவீங்களா மேடம்?"

"அதுக்கு ஆள் இருக்கும்மா."

"அப்ப இனிமே கொஞ்சம் நீங்க கழுவுங்க. நிக்கிற பயிற்சி, கைக்குப் பயிற்சி, ரெண்டும் ஒண்ணா ஆயிரும். பத்து நிமிசம், அதுக்கு மேல வேணாம். சோர்வு வந்தா ஒக்காந்துருங்க. கண்ணாடி எடுக்காதீங்க, சுடுதண்ணி தொடாதீங்க."

இதே வியாதியில் இருப்பவர்கள் அந்தக் கடைசி வரியை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத கை வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் வேலை செய்பவர் பாண்டியம்மாள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர், பிள்ளைகள் படிப்புக்காக மதுரைக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன், நேரில் பத்து வருடமாக 'நீ, வா, போ' தான். காலை ஏழு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பதுக்குப் போய்விடுவார். எனக்கோ உடம்பு கொஞ்சம் வசத்துக்கு வரப் பதினொரு மணியாகும். அதற்குள் சிங்க் காலி. ஆகவே, கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். அதில் தப்பு ஏதும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் டம்ளர்கள் விழுந்துகொண்டே இருந்தன. இரண்டாம் வாரம், விழுமுன் பிடித்தேன். ஒரு டம்ளரைக் கழுவ முழுமனமும் வேண்டியிருந்தது. ஜெபத்தில் அங்கும் இங்கும் ஓடுகிற என் மனம் சிங்க்கின் முன்னால் ஓடவில்லை. ஓடினால் டம்ளர் கீழே கிடக்கும். ஆயாம்மா என் விரலிடுக்கைத் துடைத்ததை நினைத்துக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பு மடிப்பைத் தேய்ப்பேன். இதுவும் ஊழியம்தான் ஆண்டவரே என்று சொல்லிக்கொள்வேன். மனது இதமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

ஒரு நாள் பாண்டியம்மாள் மறந்துபோன போனை எடுக்கத் திரும்பி வந்தார். அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். அவர் கழுவிய தட்டு என் கையில், நுரையோடு.

"நான் கழுவுனது ஆகலையா டீச்சர்?"

"ஐயோ, அதில்ல பாண்டியம்மா. இது கைக்குப் பயிற்சி. அந்தப் பொண்ணு செய்யச் சொல்லுச்சு."

"பயிற்சின்னா அழுக்குப் பாத்திரத்தைக் கழுவ வேண்டியதுதான? கழுவிக் கவுத்துனதை எதுக்குக் கழுவணும்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"அம்புட்டையும் எடுத்துக் கழுவுறீங்க. என் டம்ளரை மட்டும் தொடலையே."

சன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அவருக்குக் காபி கொடுக்கும் டம்ளர். அவரே குடித்து, அவரே கழுவி, அங்கேயே கவிழ்ப்பார். அவர் வந்த முதல் நாள் நான்தான் அதை அங்கே வைத்தேன். அவருக்கு முன்னால் வேலை பார்த்தவருக்கும் அப்படித்தான். 'ஆண்டவர் முன்னால் ஏற்றத்தாழ்வு இல்லை' என்று எத்தனை வீடுகளில் பேசியிருப்பேன்! ஊருக்கு உபதேசம். யார் யாருடைய ரத்தத்திலிருந்தோ எடுத்ததை ஐந்து நாள் உடம்பில் ஏற்றிக்கொண்டபோது, யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

பாண்டியம்மாள் போனை எடுத்துக்கொண்டார். "வாரேன் டீச்சர்" என்று அவர் போய்விட்டார்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "அந்தம்மா சொல்றது சரிதானே" என்றார். அவரும் அந்த டம்ளரைப் பத்து வருடமாகப் பார்த்தவர்தான்.

மறுநாள் பாண்டியம்மாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அழுக்குப் பாத்திரம் இல்லையே என்றிருந்தவளுக்கு சிங்க் நிறையக் கிடைத்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து கழுவினேன். இதமும் இல்லை, பெருமையும் இல்லை. இதுவும் ஊழியம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான்காம் நாள் போன் செய்தேன்.

"பாண்டியம்மா, அந்த டம்ளர் விசயத்துல நான் செஞ்சது தப்பு. பத்து வருசமாத் தப்பு. என்னை மன்னிச்சிரு."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். "பஸ் வருது டீச்சர், வைக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தார். சிங்க்கைப் பார்த்தார். பெரிய சட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, டம்ளர், கரண்டி, சின்னத் தட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "இது உங்க பங்கு. அழுக்காவே வச்சிருக்கேன், திருப்பிக் கழுவ வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சன்னல் டம்ளரை எடுத்து அடுக்கில் வைக்கப் போனேன். "அதை எங்கிட்டக் குடுங்க. இம்புட்டு வருசம் என்கூட இருந்துச்சு" என்று வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று வீட்டு டம்ளர் ஒன்றில் காபி கொடுத்தேன். பிடி நிற்காத கையால் கொடுத்ததில் பாதி சிந்தியது. அவர் வாங்கி, ஆறவிட்டு, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றிக் குடித்தார். சன்னல் டம்ளரில் எப்போதும் வாய் வைத்துக் குடித்தவர்.

"வாய் வச்சுக் குடியேன் பாண்டியம்மா."

"பழகல டீச்சர்."

என் ஒரு மன்னிப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. டாக்டரம்மாவிடம் நரம்பைப் பற்றிக் கேட்டபோதும் அப்படித்தான் இருந்தேன். "எப்ப சரியாகும் டாக்டர்?" என்று தேதி கேட்டேன். "அது வளர்ற வேகத்துலதான் வளரும்மா" என்றார். மாதக்கணக்கை அப்போது விட்டேன். இன்றைக்கு எத்தனை பாத்திரம் என்பதோடு சரி.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். பிறகு அதையும் விட்டேன். பெண்கள் ஐக்கியத்திலிருந்து, எப்போது மறுபடி ஊழியத்துக்கு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பாத்திரத்தைக் காரணம் காட்டி வராதவர்களை இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

காபி கொடுப்பதும், அவர் அண்ணாந்து குடிப்பதும் தினமும் நடந்தது. அவருடைய டம்ளரையும் என் பங்கோடு சேர்த்து நானே கழுவினேன். அடைமழைக் காலம் போய், கிறிஸ்துமஸும் போனது.

போன வாரம் ஒரு காலை. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாக அவருக்குப் போன் வந்தது. "நெசமாவா! நெசமாத்தானா!" என்று ஒரு கையில் போனும் ஒரு கையில் காபியுமாக அடுக்களையில் அங்குமிங்கும் நடந்தார். பேச்சு ஜோரில் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சினார். இரண்டு மடக்கு, மூன்று மடக்கு. அவருக்கே தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைத் துடைத்தேன்.

அவர் போனபின் அந்த டம்ளரை எடுத்தேன். விளிம்பில் உதட்டின் அகலத்துக்குக் காபித் தடம். என் விரல்நுனிகளுக்கு இன்னும் முழு உணர்ச்சி வரவில்லை. வராமலே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதைத் தொட்டாலும் கண்ணால் பார்த்தால்தான் தொட்டது தெரிகிறது. பார்த்துப் பார்த்து, அவசரமில்லாமல் கழுவினேன். மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தேன்.

மறுநாள் விடிகாலையில் அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் காபி ஊற்றிக்கொண்டேன். எல்லாம் ஒரே மாதிரி டம்ளர்கள். இது அதுதானா என்று திருப்பிப் பார்த்தேன், தெரியவில்லை. வாய் வைத்துக் குடித்தேன்.