கொடுக்காத பிரதி

ஒப்புக்கொண்ட பயண நிரலில் இல்லாத இடத்தில் வழிகாட்டி பயணிகளைக் காத்திருக்க வைக்கக் கூடாது. அனுமதி அட்டையின் பின்பக்கத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அட்டையின் பின்பக்கத்தை வாசிக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

யாழ்ப்பாணம் பார்க்க ஆசைப்பட்டது என் மனைவி. வழிகாட்டியாக எங்கள் பக்கத்துக் கரைத்தீவில் இருக்கும் ஒருவரைப் பேசினோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது சிறுவயதில் இங்கே வந்தவர். அவரிடம் இருந்தது தற்காலிக அட்டை. முறைப்பாடு எதுவும் வராமல் ஆறு மாதம் ஓடினால் நிரந்தரமாக்குவார்களாம். பிறகு வெங்காயத் தோட்டத்துக் கூலி வேலையை விட்டுவிடலாம் என்று வான் வண்டியில் போகும்போது சொன்னார்.

காலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தை நெரிசலுக்குள் எங்களை ஓர் இடி படாமல் கூட்டிப் போனார். எந்தக் கடை முன்பு யாருடையது என்பதெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். நான் நிரலில் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தெருவில் வானை நிறுத்தச் சொல்லி, "அஞ்சு நிமிசம், சேர்" என்று இறங்கினார். மனைவியும் இறங்கினாள். நான் நிரலோடு உள்ளேயே இருந்தேன். நீலக் கதவு போட்ட ஒரு வீட்டின் முன்னால் இருவரும் நாற்பது நிமிடம் நின்றார்கள். நாங்கள் கோட்டைக்குப் போனபோது வாசலைப் பூட்டிவிட்டார்கள்.

ஊர் வந்த மறுநாளே அட்டை கொடுத்த கந்தோருக்கு முறைப்பாடு எழுதினேன். மேலிடங்களுக்கு மூன்று பிரதிகள், பதிவுத் தபால். தபால் கந்தோரால் வந்து மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது அவர்ட வாப்பா கட்டின வீடு. கதவைத் தட்டி உள்ள பாக்கக் கேக்க வெக்கப்பட்டு வெளிய நின்டார். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்."

"நிரலில் இல்லையே" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அடுத்த கிழமை முறைப்பாட்டை மீளப்பெறுவதாக ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு மட்டும் பிரதி போடவில்லை. நான் பிழை விட்டது நான்கு மேசைகளுக்குத் தெரிய வேண்டுமா என்றுதான். முறைப்பாடு கிடைத்ததாக நாலாம் நாளே அறிவித்த கந்தோர், இதற்கு மூச்சே விடவில்லை. நானாவது ஒரு நினைவூட்டல் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

செப்டெம்பரில் நுரைச்சோலையில் அவரைக் கண்டேன். லொறிக்கு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சலாம் சொன்னார். ஜூலையில் விசாரணை முடிந்து அட்டையைத் திருப்பி வாங்கிவிட்டார்களாம். நான் மீளப்பெற்ற கதையைச் சொன்னேன்.

"அப்பிடியொரு கடிதம் விசாரணைப் பைல்ல இல்லையே, சேர்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கொரு பிரதி தந்திருந்தா காட்டியிருப்பன்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. ராத்தாவுக்கு, என் மனைவிக்குத்தான், சலாம் சொல்லுங்கள் என்றுவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

என் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டதாகவும், விசாரணை ஏற்கெனவே முடிவடைந்துவிட்டதாகவும் கந்தோரின் பதில் வந்தது, ஒக்டோபர் ஒன்பதாம் திகதி.