டல்லக் கேட்காமல் போன இரும்பு

மே பென் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவே ஆஸ்பர்ட் டல்லக்கின் பட்டறை. உள்ளே வருகிறவர்களை அவர் முகம் பார்த்து வரவேற்றதே கிடையாது. கையிலிருக்கும் பெட்டியைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பார். படித்து முடித்த பிறகுதான் ஆளைப் பார்ப்பார், அதுவும் திட்டுவதற்காக.

"என்ன போட்டிருக்கு, படி."

"நூத்திப் பதினஞ்சு வோல்ட்டு, மாஸ் டல்லக்."

"அதுக்குக் கீழ?"

"அறுபதுன்னு..."

"நம்ம ஊரு கரண்ட்டு நொடிக்கு எத்தன தடவ துடிக்குது? அம்பது! அமெரிக்காக்காரன் அவன் ஊரு அறுபதுக்கு இரும்ப அளந்து, அதுலயும் கஞ்சத்தனம் பண்ணி வச்சிருக்கான். நீ இங்க கொண்டாந்து சொருகிட்டு, ப்ளக்கு பொருந்துச்சேங்கற. அடுத்தவன் பல்செட்டுகூடத்தான் உன் வாய்க்குள்ள போவும். மெல்ல முடியுமா?"

திட்டு வாங்கியவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை; பெரியவர் என்ற மரியாதையில் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லாத வீடு கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் துறைமுகத்தில் பீப்பாய் பீப்பாயாகச் சாமான் வந்து இறங்கும். அரிசிக்கும் சோப்புக்கும் நடுவே ஒரு ரேடியோவோ மிக்சியோ இருக்கும். துடிப்பு மெதுவானால் ஒவ்வொரு துடிப்பும் டிரான்ஸ்பார்மரின் இரும்பைக் கூடுதல் நேரம் அழுத்துகிறது. இரும்பு போதாவிட்டால் அது கொதிக்கிறது. வந்த சாமான்களில் பாதி அப்படிக் கொதித்து டல்லக்கிடம் வந்து சேரும்.

அவர் சுற்றும் டிரான்ஸ்பார்மர் கொதிக்காது. முந்நூறு வாட் கேட்டால் ஐந்நூறுக்கு உண்டான இரும்பை எடுப்பார். கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, மனைவி ஐசில்டாவின் விறகடுப்பில் பாமி சுட்டு முடிந்த சூட்டில் வைத்து வேகவைப்பார். பாமி என்றால் மரவள்ளிக்கிழங்கு அடை. மறுநாள் அடையில் வார்னிஷ் வாசம் அடிக்கிறது என்று ஐசில்டா கரண்டியோடு பட்டறை வரை வந்து சண்டை போடுவாள். பிறகு சோதனை. டிரான்ஸ்பார்மரை நாலு மணி நேரம் ஓடவிட்டு, இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக் கர்த்தர் ஜெபத்தை நிதானமாகச் சொல்லத் தொடங்குவார். ஆமென் சொல்லும்வரை கை தாங்கினால் சரக்கு வெளியே போகும். இல்லையென்றால் அத்தனை கம்பியையும் அவிழ்த்துவிடுவார்.

அப்படி ஆமென் வாங்கியதில் பெரியது, விசேஷங்களில் பாட்டு வைக்கும் சவுண்ட் சிஸ்டம்காரன் வென்ட்வொர்த்தின் ஆம்பிளிஃபயருக்குச் சுற்றியது. இரண்டு தெரு தள்ளித்தான் வென்ட்வொர்த்தின் வீடு. அந்த ஆம்பிளிஃபயரைத் தூக்க நாலு பேர் வேண்டும். அதுதான் வினையாகப் போயிற்று. மதுக்கடையில் ஒருநாள் பத்துப் பேர் முன்னால் வென்ட்வொர்த், "டல்லக் செய்யறது ஆம்ப் இல்லப்பா, சவப்பெட்டி. நாலு பேரு இல்லாம நகராது" என்று சொல்லிவிட்டான். கடையே சிரித்தது. டல்லக் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வென்ட்வொர்த் எதிரே வந்தால் இவர் மறுபக்கம் தாண்டிப் போய்விடுவார். அறுபது வயது மனிதருக்கு இது அழகா என்று நாங்கள் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

நாற்பது வருஷம் விறகுப் புகையைத் தின்ற ஐசில்டாவின் நெஞ்சு அந்த இரண்டாம் வருஷம் கையை விரித்துவிட்டது. படுக்கையிலிருந்து வாசல்வரை நடக்க மூன்று இடத்தில் நின்றாள். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சிலிண்டர் கிங்ஸ்டனிலிருந்து வரவேண்டும். ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்டில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்த மகள் மார்வா போன் செய்தாள்.

"அப்பா, நான் பாத்துக்கிட்ட பெரியவர் போயிட்டாரு. காத்துலேருந்தே ஆக்சிஜன் பிரிச்சுக் குடுக்கற மெஷின் ஒண்ணு அவர் வீட்டுல கெடக்கு. எடுத்துக்கன்னுட்டாங்க. அனுப்பட்டுமா?"

ஆயிரம் பேரைச் சீட்டைப் படி என்று விரட்டிய மனிதர், அன்று மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப அனுப்புற?"

ஆறு வாரம் கழித்துப் பீப்பாய் வந்தது. போர்வைகளுக்கு நடுவே, பச்சைக் குழந்தையைச் சுற்றியதுபோல் சுற்றி வைத்திருந்தாள் மார்வா. டல்லக் மெஷினை வெளியே எடுத்ததும் பழக்கதோஷத்தில் திருப்பினார். நூற்றுப் பதினைந்து வோல்ட், அறுபது. அதற்குள் ஐசில்டா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள்.

சுவரில் சொருகினார்கள். மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் உள்ளே இருந்த மோட்டார் வயிற்றுவலிக்காரன்போல முனகியது. காற்றை அடைக்கும் வேகம் போதவில்லை. பத்தாவது நிமிஷம் மஞ்சள் விளக்கு எரிந்து கூவ ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு மிஸ் பேர்லின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு! ஊருக்கெல்லாம் டிரான்ஸ்பார்மர் சுத்துற ஆளு நீ. மிஸ் ஐசிக்கு ஒண்ணு சுத்திப் போடு, மாஸ் டல்லக்."

"டிரான்ஸ்பார்மரு வோல்ட்டக் கூட்டும், கொறைக்கும். துடிப்ப மாத்தாது."

"ஏன் மாத்தாது?"

"ரேடியோவுல சத்தத்தக் கூட்டுனா பாட்டு வேகமா ஓடுமா, பேர்லின்?"

டல்லக் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது வருஷம் தெரிந்த வித்தை, தனக்கு வேண்டிய அன்றைக்குக் கைகொடுக்கவில்லையே என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். இதை அவரே பிறகு சொன்னார்.

ஆனால் அழுது முடித்து எழுந்தபோது ஒரு வழி தோன்றியிருந்தது. சுவர்க் கரண்ட்டை இறக்கி லாரி பேட்டரிகளில் ஏற்றுவது. பேட்டரியிலிருந்து எடுத்து, தானே ஒரு சுற்று அமைத்து நொடிக்கு அறுபது தடவை துடிக்கவைத்து, மறுபடி நூற்றுப் பதினைந்துக்கு உயர்த்துவது. ஆக, இறக்க ஒரு டிரான்ஸ்பார்மர், ஏற்ற ஒரு டிரான்ஸ்பார்மர். ஏற்றுவது அறுபதில் ஓடும். அதற்குப் பட்டறையில் கிடந்த அமெரிக்க இரும்பே போதும். அந்த இரும்புக்கு அவரிடம் மரியாதை கிடைத்தது அன்றுதான். இறக்குவதுதான் சிக்கல். ஊர்க் கரண்ட்டில் ஐம்பதில், இரவு பகலாக, இடைவிடாமல் ஓடவேண்டும். அதற்குக் கனமான இரும்பு வேண்டும். அந்த அளவு இரும்பு மே பென்னில் ஒரே இடத்தில் இருந்தது: வென்ட்வொர்த்தின் ஆம்பிளிஃபயருக்குள்.

ஐசில்டாவுக்கும் அது தெரியும். அதை வேகவைத்ததே அவள் அடுப்பில்தானே.

"வென்ட்வொர்த்... கிட்ட... கேளேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"அந்தப் பய வாசல்ல போயி நிக்கச் சொல்றியா என்ன?"

"எனக்காக."

"வேற வழி இருக்கு ஐசி. நீ பேசாம இரு."

வேறு வழி இதுதான்: பழைய அமெரிக்க டிரான்ஸ்பார்மர் ஒன்றை அவிழ்த்து, ஐந்து சுற்று இருந்த இடத்தில் ஆறு சுற்றினார். சுற்று கூடினால் இரும்பின் பாரம் குறையும், கணக்கு சரிதான். ஆனால் இடம் அதே இடம். ஆறைத் திணிக்க மெல்லிய கம்பிதான் போட முடியும். மெல்லிய கம்பி சூடேறும். வேறொருவன் இப்படிச் சுற்றிக் கொண்டுவந்திருந்தால் டல்லக் அவன் தலையிலேயே போட்டிருப்பார்.

அக்டோபர் மழை. எதையும் வெளியே வைக்க முடியவில்லை. பேட்டரியிலிருந்து வரும் கம்பி நீண்டால் வழியிலேயே சக்தி போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தார். சொருகினார். மோட்டார் சுதி பிடித்துக்கொண்டு ஓடியது. மஞ்சள் விளக்கு அணைந்து பச்சை எரிந்தது.

மூன்றாம் நாள் காலை ஐசில்டா சோளக்கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். "யாருய்யா இதக் காய்ச்சினது? உப்பு இல்ல, சக்கர இல்ல, கட்டி கட்டியா சுண்ணாம்பு மாதிரி இருக்கு, நாற்பது வருஷமா என் கையால தின்னுட்டு உனக்கு ஒரு கஞ்சி காய்ச்சத் தெரியலன்னா நீயெல்லாம் என்ன ஆம்பள!"

ஒரே மூச்சில் சொன்னாள். டல்லக் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்று சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வசவு கேட்டதில்லை.

சந்தோஷம் அவ்வளவுதான். அந்த வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. வரும் ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்பார்மர் ஒரு மடக்காக இழுத்து ஃப்யூஸ் எரிந்தது. இரண்டு தடவை மாற்றினார். மூன்றாம் தடவை தடித்த ஃப்யூஸாகப் போட்டுவிட்டார். தடித்த ஃப்யூஸ் போட்டதற்காக அவரிடம் அறை வாங்கியவன் ஒருவன் இன்றும் ஊரில் இருக்கிறான்.

தினமும் இரும்பின்மேல் கை வைத்தார். முதல் நாள் ஆமென் வரை போனது. ஒன்பதாம் நாள் ஆகாரத்தைத் தாரும் என்ற வரியிலேயே கையை இழுத்துக்கொண்டார். அடுத்த வரி, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்பது. அதுவரை போகவில்லை.

"நாளைக்குக் கிங்ஸ்டன் போயி நல்ல இரும்பு வாங்கியாந்துடறேன்" என்றார்.

"அவ்ளோ தூரமா? ரெண்டு தெரு தள்ளி இருக்கு."

"ஐசி!"

"சரி, போ. ஆனா இத நிறுத்திடாத. நிறுத்தினா எனக்குப் பயமாருக்கு."

நிறுத்தவில்லை. காலை பஸ்ஸுக்குப் போகுமுன் பேர்லினைக் கட்டிலருகே உட்காரவைத்துப் பாடம் சொன்னார். மஞ்சள் விளக்கு வந்தால் இந்த ப்ளக்கைப் பிடுங்கிச் சுவரில் நேராகப் போடு. முனகினாலும் பாதியாவது கொடுக்கும். பேர்லின் இரண்டு தடவை ஒப்பித்தும் காட்டினாள். விளக்கைப் பற்றி எல்லாம் சொன்ன மனிதர் புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் திரும்பினார். தோளில் அரிசிச் சாக்கில் கட்டிய இரும்புத் தகடுகள். தெருமுனையில் இறங்கி நடக்கும்போதே வழக்கமாக அந்த மெஷின் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. வாசலில் ஜனம் நின்றது. விலகி வழிவிட்டார்கள். வீட்டிலிருந்து வார்னிஷ் கருகிய நாற்றம் வந்தது.

"வெளக்கு பச்சையாவேதான் இருந்துச்சு மாஸ் டல்லக்" என்று பேர்லின் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் வெளக்கையே பாத்துக்கிட்டிருந்தேன். அடியிலேருந்து கறுப்பா பொக வந்துச்சு. பிடுங்கினேன். சன்னலத் தெறந்தேன். அவ பொக பொகன்னு கையக் காட்டினா. நான் ஒருத்தி அவளத் தூக்க முடியலியே! ஆளக் கூட்டியாரதுக்குள்ள..."

டல்லக் சாக்கைக் கீழே வைத்தார். ஐசில்டாவின் மூக்கோரம் கரி படிந்திருந்தது. அடுப்படியிலிருந்து எத்தனையோ நாள் அவள் அப்படி வந்ததுண்டு. சட்டை நுனியை எச்சில் தொட்டு அவரே துடைத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை என்று சத்தமாகச் சொன்னார். எதைச் சொல்கிறார் என்று பேர்லினுக்கு மட்டும் புரிந்தது; வென்ட்வொர்த்தின் இரும்பைப் பற்றி ஐசில்டா அன்று காலையில்தான் அவளிடம் சொல்லியிருந்தாள்.

எங்கள் ஊரில் சாவுக்கு ஒன்பதாம் நாள் எல்லாரும் கூடி விடியவிடிய விழித்திருப்போம்; அந்த விழிப்புக்குப் பாட்டு வைக்க வேண்டும். யாரும் கூப்பிடாமலே வென்ட்வொர்த் மதியம் வந்தான். நாலு பேர் முக்கி முனகி ஆம்பிளிஃபயரை முற்றத்தில் இறக்கினார்கள். சவப்பெட்டி என்று சொன்ன வாய், அன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு தடுமாறியது.

"பேர்லின் சொன்னா, மாஸ் டல்லக். இந்த இரும்புதான் வேணும்னு. நீ வரக்கூட வேண்டாம், யார்கிட்டயாவது சொல்லிவிட்டிருந்தா கழட்டித் தோள்ல தூக்கியாந்திருப்பேனே. மிஸ் ஐசி சுட்ட பாமி தின்னு வளந்தவன்யா நான்."

டல்லக் பாட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். பெட்டி சூடேறட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். துதிப்பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நாலு மணி நேரம் ஆனதும் எழுந்து வந்தார். பின்மூடியைக் கழற்றச் சொல்லி, உள்ளே கை விட்டு இரும்பின்மேல் வைத்தார். உதடு அசைந்தது. ஆகாரம் என்ற வரி தாண்டியது. மன்னியும் என்ற அடுத்த வரியில் உதடு நின்றுவிட்டது. இரும்பு சுடவில்லை, விடியும்வரைகூடக் கையை வைத்திருக்கலாம். அவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். திரும்பவும் அங்கேயே நின்றது.

"என்ன மாஸ் டல்லக், சூடேறிடுச்சா?" என்று வென்ட்வொர்த் பதறினான்.

"இல்ல" என்று கையை வெளியே எடுத்தார் டல்லக். "ஜில்லுனு இருக்கு."